அவளை நளாயினி ஆக்காதீர்கள்

போன மாதம் ஒரு நண்பரின் மொட்டைமாடி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து 'யெஸ்டர்டே' பார்த்தோம். 2004-இல் வந்த தென்னாப்பிரிக்கப் படம், டேரல் ரூட் இயக்கியது, பேசுவது ஜூலு மொழி. படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதனால் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு முகத்தையும் கொஞ்சம் பதற்றத்தோடு பார்த்தேன். முதலில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல விழிப்புணர்வுப் படம்" என்றார். அடுத்து ஒரு தம்பி, "நல்லாதான் இருக்கு, ஆனா ரொம்ப ஸ்லோ ப்ரோ" என்றான். மூன்றாவதாகப் பேசியவர் எங்களில் மூத்தவர். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். "நம்ம நளாயினி மாதிரி ஒரு பொம்பளைப்பா. அப்படிப்பட்ட புருஷனுக்கு இவ்வளவு செஞ்சிருக்கா பாரு, என்ன ஒரு பொறுமை!"

இந்த மூன்று பேச்சோடும் எனக்குச் சண்டை உண்டு. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை வரை போட்டேன், போதவில்லை. மிச்சத்தை இங்கே போடுகிறேன். மூன்றிலும் அதிகம் எரிச்சல் தந்தது கடைசியாகச் சொன்னவருடைய பாராட்டுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: முழுக்கதையையும் சொல்லப்போகிறேன். தெரிந்துகொண்டு பார்த்தால் கெட்டுப்போகிற கதை இல்லை இது.

குவாசுலு-நடால் மாகாணத்தின் உள்ளே ஒரு சின்ன கிராமம். அங்கே ஒருத்தி. அவள் பெயரே யெஸ்டர்டே, நேற்று. இன்றைக்கு இருப்பதைவிட நேற்று நன்றாக இருந்தது என்று அவள் அப்பா வைத்த பெயர். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதை இன்னும் எட்டாத ஒரு மகள், பெயர் பியூட்டி. கணவன் ஜான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் சுரங்கத்தில் வேலை செய்கிறான், எப்போதாவது வருவான். யெஸ்டர்டேக்கு இருமல் நிற்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடந்து மருத்துவமனைக்குப் போகிறாள். டாக்டர் வருவது வாரத்தில் ஒரு நாள். வரிசை நீளம். இவள் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது, அடுத்த வாரம் வா என்கிறார்கள். வந்த வழியே திரும்பி நடக்கிறாள். அடுத்த வாரமும் அதே வரிசை, அதே பதில்.

"ஸ்லோ" என்று சொன்ன தம்பி இந்த இடத்தில்தான் போனை எடுத்தான், கவனித்தேன். தம்பி, உன் மேல் கோபமில்லை. ஆனால் யோசித்துப் பார். ஒரு நோயாளி வாசல்வரை போய்த் திருப்பி அனுப்பப்படுகிறாள். இதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ரூட் அவளை நடக்க வைத்து, நிற்க வைத்து, மறுபடி நடக்க வைக்கிறார். காரணம், அவளுக்கு நோய் முதலில் வருவது தூரமாகத்தான். வைரஸ் என்ற சொல் அவள் காதில் விழுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே இந்தத் தூரம் அவளைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டுக்குக் காலை ஆறு மணிக்கே போய் நின்ற வீட்டில் பிறந்த எவரும் அந்தக் காட்சியை ஸ்லோ என்று சொல்லமாட்டார்கள். நமக்குக் கால் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து 'விழிப்புணர்வு'. தமிழில் ஒரு படத்தை மரியாதையோடு குழிதோண்டிப் புதைக்க இதைவிட நல்ல சொல் கிடையாது. விழிப்புணர்வுப் படம் என்று சொல்லிவிட்டால் அதன் கேமரா, நடிப்பு, வெட்டு எதைப் பற்றியும் பேச வேண்டாம். சுகாதாரத் துறை சுவரொட்டி மாதிரி ஒரு தலையாட்டலோடு கடந்துவிடலாம். எய்ட்ஸ் பற்றி நமக்கு எப்படித் தெரியவந்தது என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஒரே கேள்வி: புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? அந்த விளம்பரம் வேலை செய்தது, நோயின் பெயரை டீக்கடைப் பேச்சாக்கியது, அதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி புலிராஜாவைப் பற்றித்தான். புலிராஜாவுக்கு வீட்டில் யாராவது இருந்தார்களா? மனைவி? குழந்தை? யாரும் கேட்டதில்லை. விழிப்புணர்வு எப்போதும் ஆபத்தில் போகப்போகிற ஆணிடம் பேசும். ஆபத்து வந்து சேர்ந்துவிட்ட வீட்டில், அடுத்த நாள் காலையில் யார் தண்ணீர் எடுப்பது என்பதைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இருக்காது. 'யெஸ்டர்டே' முழுக்க முழுக்க அந்த அடுத்த நாள் காலையைப் பற்றிய படம்.

ஒருவழியாக, ஊருக்குப் புதிதாக வந்த டீச்சரின் உதவியால், டாக்டரைப் பார்க்கிறாள். டாக்டர் வெள்ளைக்காரப் பெண், ஜூலு பேசுகிறார். ரத்தம் எடுக்கிறார்கள். எச்.ஐ.வி. அவளுக்கு ஒரே ஒருவனோடுதான் உறவு, அவன் கணவன். அவனுக்குச் சொல்லியாக வேண்டும். இதற்காக அவள் ஜோகன்னஸ்பர்க் போகிறாள், சுரங்கத்துக்கே போகிறாள். சொல்கிறாள். அவன் அவளை அடிக்கிறான்.

இங்கே நம் சினிமா என்ன செய்திருக்கும் என்பதற்குக் கையிலேயே உதாரணம் இருக்கிறது. 2007-இல் வந்த சாமியின் 'மிருகம்'. அதில் கணவன் தொடக்கத்திலிருந்தே முரடன், காமுகன், பெயருக்கேற்ற மிருகம். அவனுக்கு எய்ட்ஸ் வரும்போது பார்ப்பவர் மனசில் கணக்கு நேராகிவிடுகிறது: செய்தான், அனுபவிக்கிறான். பத்மப்ரியா பிரமாதமாக நடித்திருப்பார், ஆனாலும் படத்தின் தர்க்கம் தண்டனைதான். நோய் அங்கே ஒரு நீதிபதி.

ரூட் இந்த வசதியை நமக்குத் தருவதில்லை. ஜான் அடிக்கிறான், அதே ஜான் முந்தைய காட்சிகளின் நினைவில் மகளைத் தூக்கிக் கொஞ்சுகிறவன், மனைவி ஆசையோடு காத்திருக்கிறவன். அவன் ஏன் வருஷத்தில் பெரும்பகுதி வீட்டில் இல்லை? இதற்குப் படம் விளக்கம் சொல்லாது, வரலாறு சொல்லும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓடியதே கிராமத்து ஆண்களை ஒப்பந்தத்தில் கூட்டிவந்து, ஆண்கள் மட்டுமே தங்கும் விடுதிகளில் அடைத்து வைத்துத்தான். மனைவி மக்கள் ஊரிலேயே கிடக்க வேண்டும். கறுப்பர்கள் நகரத்தில் குடும்பத்தோடு குடியேறுவதைத் தடுத்த பாஸ் சட்டங்கள் 1986-இல்தான் ஒழிந்தன. சட்டம் போனாலும் விடுதிகள் உடனே போய்விடவில்லை. ஒரு மனிதனின் உழைப்பை மட்டும் நகரத்துக்குக் கொண்டுவந்து குடும்பத்தை வேறெங்கோ விட்டுவைக்கும் ஏற்பாடு, அவன் ஊருக்குத் திரும்பும்போது எதைக் கொண்டுபோவான் என்று கவலைப்பட்டதில்லை. சுரங்க முதலாளிக்கு மலிவாகக் கிடைத்த தங்கத்தின் பாக்கிப் பணத்தை யெஸ்டர்டே கட்டுகிறாள்.

இதைச் சொன்னதும் அந்த ராத்திரி ஒரு தோழி மடக்கினாள். "அப்ப அவன் அடிச்சது? அதுக்கும் முதலாளிதான் காரணமா?" இல்லை. அடித்தது அவன் கை. சுரங்க வரலாற்றைச் சொல்லி அந்தக் கையைக் கழுவிவிட எனக்கு விருப்பமில்லை. படமும் கழுவவில்லை. அவன் கெட்டவன் இல்லை என்று காட்டிய படம், அவன் அடிப்பதையும் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பார்ப்பது நமக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

பிறகு அவனே வருகிறான். வேலை போய்விட்டது, உடம்பு உருகிவிட்டது. தனக்கு நடந்ததையெல்லாம் சொல்லி அழுகிறான். யெஸ்டர்டே அவனைச் சேர்த்துக்கொள்கிறாள். ஊர் பேச ஆரம்பிக்கிறது. நேற்றுவரை தண்ணீர்க் குழாயடியில் சேர்ந்து சிரித்த பெண்கள் ஒதுங்குகிறார்கள். இதைச் சினிமாவின் மிகை என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே மாகாணத்தில், டர்பன் பக்கம் க்வாமாஷுவில், கூகு ட்லாமினி என்ற பெண் 1998 டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் அக்கம்பக்கத்து ஆட்களே அவரை அடித்தார்கள். இறந்துபோனார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். டர்பனில் இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. படம் எடுத்தவர்களுக்கு இந்தக் கதை தெரியாமலிருக்க வாய்ப்பே இல்லை. தயாரிப்பாளர் அனந்த் சிங் டர்பன்காரர், இந்திய வம்சாவளி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஜானுக்குப் படுக்கை கேட்கிறாள். இல்லை, காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது என்கிறார்கள். ஊரில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அப்போது அவள் செய்வதுதான் இந்தப் படத்தை என்னால் மறக்க முடியாமல் செய்தது. பழைய தகரம், வண்டிகளின் உடைசல் என்று கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு போய், ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் ஒரு கொட்டகை கட்டுகிறாள். அவளே கட்டிய ஆஸ்பத்திரி. ஒரே நோயாளி, ஒரே தாதி, அந்தத் தாதிக்கும் அதே நோய். அங்கே அவனைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்கிறாள், அவன் சாகும்வரை.

இப்போது நளாயினிக்கு வருகிறேன்.

நம்மூரில் சொல்லப்படும் கதை எல்லாருக்கும் தெரியும். தொழுநோய்க் கணவன், அவன் தாசி வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறான், நளாயினி கூடையில் வைத்துச் சுமந்து போகிறாள். வழியில் கழுவில் இருக்கும் முனிவரை இடித்துவிட, விடிந்தால் உன் புருஷன் சாவான் என்று சாபம். விடியவே கூடாது என்று அவள் சூரியனை நிறுத்துகிறாள். பெரியவர் கண் கலங்கியது இந்த ஞாபகத்தில்தான். சுமக்கிறவள், நோயாளிக் கணவன், பொறுமை. ஒட்டிப் பார்த்தால் ஒட்டும்.

ஆனால் நளாயினியின் உலகத்தில் அவளும் அவனும் மட்டும்தான். யெஸ்டர்டேயின் உலகத்தில் பியூட்டி இருக்கிறாள். ஒருமுறை டாக்டர் அவள் உடம்பு தாக்குப்பிடிப்பதைப் பார்த்து வியக்கும்போது, இது உடம்பால் இல்லை, மகள் பள்ளிக்கூடம் போகிறவரை சாவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன் என்ற அர்த்தத்தில் பதில் சொல்கிறாள். அவள் தானே எழுதப்படிக்கத் தெரியாதவள். அவளுடைய எல்லாக் கணக்கும் இந்த ஒரு தேதியை வைத்துத்தான். நளாயினிக்கு விடியக்கூடாது. இவளுக்கு விடிந்தாக வேண்டும், நூற்றுக்கணக்கான தடவை விடிந்தாக வேண்டும், பள்ளி திறக்கும் நாள் வரை. கணவனைப் பார்த்துக்கொள்வதும் அந்த நாட்களுக்கு நடுவில் வந்த வேலைகளில் ஒன்று. தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது, விறகு பொறுக்குவது, ஜானுக்குத் துடைத்துவிடுவது. அவளுக்கு அவன்மேல் அன்பே இல்லை என்று சொல்லவரவில்லை. அன்பு இருக்கிறது, அடிபட்ட வலியும் இருக்கிறது. அவள் மன்னித்தாளா என்று படத்தில் எங்கேயும் ஒரு பேச்சும் நடப்பதாக எனக்கு ஞாபகமில்லை. மன்னிப்புக்கு அவளுக்கு நேரமில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன். நான் வளர்ந்தது லாரிகள் நிறைந்த ஊர். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். கணவர் வடநாட்டு லைன் ஓட்டியவர். அவருக்கு என்ன நோய் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பெயரைச் சொன்னதில்லை. கடைசி ஒன்றரை வருஷம் அவரை அந்த அக்காதான் தனியாகப் பார்த்துக்கொண்டார். "மகராசி, என்ன பொறுமை" என்று என் அம்மா உட்பட எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அவர் மகளோடு விளையாட எங்களை அனுப்பமாட்டார்கள். அந்தச் சிறுமி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், எழுந்து போன பிறகு அம்மா திண்ணையைக் கழுவிவிடுவார். பொறுமைசாலி என்ற பட்டம் அந்த அக்காவுக்கு எந்த உபயோகமும் ஆகவில்லை. எங்களுக்குத்தான் உபயோகமாக இருந்தது. அவர் பொறுமைசாலி, ஆகவே தாங்கிக்கொள்வார், ஆகவே நாம் போக வேண்டாம்.

அதனால்தான் நளாயினி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாராட்டுக்குள்ளே ஒரு தப்பித்தல் இருக்கிறது. படுக்கை இல்லை என்ற ஆஸ்பத்திரி, விலகிப்போன குழாயடிப் பெண்கள், நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்பிவைத்த சுரங்கம், எல்லாரும் அவள் பொறுமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

படத்தின்மேல் எனக்கே ஒரு பெரிய குறை உண்டு. என் மூன்று நண்பர்களும் சொல்லாத குறை. இந்தக் கதை நடக்கும் காலத்தில் மருந்து இருந்தது. நோயைக் கட்டுப்படுத்தி ஆளைப் பல ஆண்டுகள் வாழவைக்கும் கூட்டு மருந்துகள் 1996 வாக்கிலேயே பணக்கார நாடுகளில் வந்துவிட்டன. தென்னாப்பிரிக்காவில் அதிபர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். சுகாதார அமைச்சர் மாண்டோ ட்ஷபலாலா-ம்சிமாங் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் சாப்பிடச் சொன்னார். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மாத்திரையை அரசு மருத்துவமனைகளில் கொடுக்கவைக்க, ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் இயக்கம் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பொது மருத்துவமனைகளில் மருந்து தரும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2003 நவம்பரில். இந்தத் தாமதத்தால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, சுமார் 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தன என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் மதிப்பிட்டார்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த நாட்டில், அந்த நோயைப் பற்றியே எடுத்த படம் இந்த அரசியலைத் தொடவே இல்லை. யெஸ்டர்டேயின் சாவு வறட்சி மாதிரி, குளிர்காலம் மாதிரி, வந்தே தீரும் ஒன்றாகத் தெரிகிறது. அப்படி இல்லை. அவள் சாவுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு, அவர்களுக்கு அலுவலகமும் விலாசமும் உண்டு. நெல்சன் மண்டேலா 2005 ஜனவரியில் தன் மகன் எய்ட்ஸால் இறந்தார் என்று வெளிப்படையாக அறிவித்தது அந்த மௌனத்தை உடைக்கத்தான். படம் வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கிழவருக்கு இருந்த துணிச்சலில் கொஞ்சம் திரைக்கதைக்கும் இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் நான் படத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். கைவிட முடியாததற்குக் காரணம் ஒரு சுத்தியல்.

ஆரம்பத்தில், டாக்டரைப் பார்க்க முடியாமல் திரும்பிய யெஸ்டர்டே ஒரு நாட்டு வைத்தியச்சியிடம் போகிறாள். உனக்குள் கோபம் இருக்கிறது, அதை விடாமல் நோய் போகாது என்கிறாள் அந்த அம்மா. எனக்குக் கோபம் இல்லையே என்கிறாள் யெஸ்டர்டே. முதல்முறை பார்த்தபோது இதை மூடநம்பிக்கை பற்றிய ஒரு சின்னக் கேலி என்று கடந்துபோனேன். படம் முழுக்க அவளுக்குக் கோபம் வரவே வராது. டாக்டரிடம் இல்லை, கணவனிடம் இல்லை, ஊர்ப் பெண்களிடமும் இல்லை. எனக்கே ஒரு கட்டத்தில் சலிப்பாக இருந்தது. இவ்வளவு சாந்தமான பெண்ணை எழுதியது ஓர் ஆண் என்பது தெரிகிறதே என்று. ஜான் செத்து, புதைத்து எல்லாம் முடிந்தபின், அவள் ஒரு பெரிய சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போகிறாள். தான் கட்டிய ஆஸ்பத்திரியைத் தானே அடித்து நொறுக்குகிறாள். தகரம் அலறுகிறது. அடித்துக்கொண்டே இருக்கிறாள். லெலெட்டி குமாலோவின் முகத்தை அப்போது பாருங்கள். 1992-இல் இதே ரூட், இதே அனந்த் சிங்கின் 'சரஃபினா!'வில் சொவெட்டோ பள்ளி மாணவியாகப் போராடிய முகம் அது. பன்னிரண்டு வருஷம் கழித்து பள்ளிக்கூடமே பார்க்காத பெண்ணாக வந்து சம்மட்டியைத் தூக்கியிருக்கிறார்.

அந்தப் பெண்ணை நளாயினி என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? வைத்தியச்சி சொன்னது சரி. கோபம் உள்ளேயே இருந்தது. அவளுக்கு அதை வெளியே எடுக்கத் தோதான நேரம் அதுவரை கிடைக்கவில்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அந்தக் காட்சி எனக்கு ஏன்னே புரியலைப்பா, கட்டினதை எதுக்கு உடைக்கணும், வேற யாருக்காவது உபயோகமாகியிருக்குமே" என்றார். அதற்குமேல் அன்றைக்கு வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. பாவம், நல்ல மனுஷர். ஆனால் அவர் கேள்வியை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வேறு யாருக்கும் அது உபயோகமாகிவிடக்கூடாது என்பதற்காகத்தானே உடைக்கிறாள். அது அங்கேயே நின்றால் அடுத்த நோயாளியையும் ஊர் அங்கேதான் கொண்டுபோய்த் தள்ளும். அடுத்த நோயாளி யார் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்தப் படம் ஏன் நம் பட்டியல்களில் இல்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எச்.ஐ.வி. என்றால் 'பிலடெல்பியா', 'டல்லஸ் பையர்ஸ் கிளப்' என்று கடகடவென ஒப்பிப்போம். கொஞ்சம் விவரமானவர்கள் '120 பிபிஎம்' என்பார்கள். எல்லாமே நல்ல படங்கள்தான். ஆனால் அவற்றில் குழந்தைக்குச் சீருடை தைக்க வேண்டிய அவசரத்தோடு யாரும் சாவதில்லை. ஆஸ்கரின் சிறந்த வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் இறுதிச் சுற்றுக்குப் போன முதல் தென்னாப்பிரிக்கப் படம் இது. பரிசு ஸ்பெயினின் 'தி ஸீ இன்சைட்'டுக்குப் போனது. மறுவருஷமே 'ட்ஸோட்ஸி' அதே பரிசை வாங்கிவிட்டது, தென்னாப்பிரிக்காவுக்கு உலகம் ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது. 'ட்ஸோட்ஸி'யில் துப்பாக்கி இருக்கிறது, கார் திருட்டு இருக்கிறது, திருந்தும் ரவுடி இருக்கிறான். இங்கே ஒருத்தி நடக்கிறாள்.

கடைசியில் பள்ளி திறக்கிறது. பியூட்டி சீருடையில் போகிறாள். தன் சொந்த மகளாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறார். யெஸ்டர்டே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பிறகு திரும்பி நடக்கிறாள். அவள் சாவதைப் படம் காட்டுவதில்லை.

எங்கள் தெரு அக்கா இறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அவர் மகளை யாரோ சித்தி கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று அம்மாவிடம் போன வாரம் போனில் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. "அந்தப் புள்ளைக்கு என்ன பேருடா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.